விறகும் வண்டும்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்துலயும் பாதிக்கு மேல விறகு பத்தி தான். கேஸ் விக்கிற விலைக்கு எல்லாரும் கோடாலிய தீட்டிட்டீங்க போல. மத்த கேள்விய அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு விறக மட்டும் எடுத்துக்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: எங்க சித்தப்பா டொரொண்டோவுல இருக்கார். அவங்க ரோட்டுல வரிசையா நின்ன ஆஷ் மரத்தையெல்லாம் வண்டு அடிச்சு மாநகர சபை வெட்டிட்டாங்களாம். நல்ல கட்டையா கெடக்கே, சம்மர்ல கேம்பிங் போறப்ப எரிக்கலாம்னு கார்ல ஏத்துனா பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து "ஊர் விட்டு கொண்டு போகாதீங்க, ஃபைன் அடிப்பாங்க"ன்னாராம். விறகுக்கு போய் ஃபைனா? எங்க தோட்டத்து லய வீடுகள்ல எல்லாரும் சிரிச்சோம். அந்த வண்டு இங்கயும் வருமா? (வாசகி, நோர்வூட்)

பதில்: சிரிக்காதீங்க தங்கச்சி, அந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

அந்த வண்டுக்கு பேர் எமரால்ட் ஆஷ் போரர், பளபளன்னு பச்சையா, அரை அங்குலம் அளவுக்கு இருக்கும், பாக்க அழகு தான், ஆனா அது செய்ற வேலை முழுக்க பட்டைக்கு கீழ. பொட்டை வண்டு பட்டை வெடிப்புல முட்டை போட்டுட்டு போயிரும், பொரிச்சு வர்ற புழு பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல மரத்துக்கு சாப்பாடு ஓடுற அந்த மெல்லிய படைய வளைஞ்சு நெளிஞ்சு தின்னுக்கிட்டே போகும், மரம் மேல இருந்து காஞ்சு வரும், ரெண்டு மூணு நாலு வருஷத்துல கதை முடிஞ்சுது. வண்டு வெளிய வந்த ஓட்டைய பாத்தா வட்டமா இருக்காது, ஒரு பக்கம் தட்டையா, அரை நெலா மாதிரி இருக்கும், அதான் அடையாளம். சொந்த ஊர் சீனா, கொரியா, ரஷ்யாவோட கிழக்கு மூலை. அங்க இருக்குற ஆஷ் மரம் இதோட காலங்காலமா மல்லுக்கட்டி பழகுனதால தாக்குப் புடிக்கும், அமெரிக்கா கனடா ஆஷுக்கு அந்த பழக்கம் இல்ல. 2002ல தான் அமெரிக்காவுல டெட்ராயிட் பக்கமும், ஆத்துக்கு அந்தப் பக்கம் கனடாவோட வின்ட்சர்லயும் கண்டுபுடிச்சாங்க, சாமான் அனுப்புற மரப்பெட்டியில வந்துருக்கும்னு சொல்றாங்க. அதுக்குள்ள அது வந்து பல வருஷம் ஆகிருச்சு. டொரொண்டோவுக்கு வந்தது தெரிஞ்சது 2007ல, அப்ப அந்த சிட்டியில மட்டும் சுமார் 860,000 ஆஷ் மரம். உங்க சித்தப்பா ரோடு அந்த கணக்குல போனது தான். வட அமெரிக்கா முழுக்க செத்தது கோடிக்கணக்கு.

இப்ப விறகுக்கு வருவோம். அந்த வண்டு தானா பறந்து போனா வருஷத்துக்கு சில கிலோமீட்டர் தான், ஆனா வெட்டுன கட்டைக்குள்ள இருக்குற புழுவுக்கு மரம் செத்தது தெரியாது, அது பாட்டுக்கு வளந்து ரெண்டு வருஷம் கழிச்சு கூட வண்டா வெளிய வரும். நீங்க வெள்ளிக்கெழம சாயந்தரம் கார் டிக்கியில நாலு கட்டைய போட்டுக்கிட்டு முந்நூறு கிலோமீட்டர் போய் கேம்ப் போட்டு, ரெண்ட எரிச்சுட்டு மிச்சம் ரெண்ட அங்கயே போட்டுட்டு வந்தீங்கன்னா வண்டுக்கு நூறு வருஷ பயணம் ஒரு ராத்திரியில முடிஞ்சுது. அதனால தான் வண்டு இருக்குற ஏரியாவ கோடு போட்டு பிரிச்சு, அதுக்குள்ள இருந்து ஆஷ் கட்டை மட்டும் இல்ல, எந்த மரத்து விறகையும் அனுமதி இல்லாம வெளிய கொண்டு போகக்கூடாதுன்னு கனடாவுல சட்டம். துண்டா வெட்டி காஞ்ச விறக பாத்து இது ஆஷா மேப்பிளான்னு ரோட்டுல நிக்கிற ஆபீசர் எப்புடி கண்டுபுடிப்பார், அதான் எல்லா விறகுக்கும் சேத்து. சூடு காட்டுன விறகு தனியா விக்கிறாங்க, நடுக்கட்டை வரைக்கும் 60 டிகிரி சூடு ஏறி ஒரு மணி நேரம் நிக்கணும், அது எங்கயும் போகலாம். சித்தப்பாவ வெட்டுன மரத்த வீட்டு அடுப்புலயே எரிச்சுக்க சொல்லுங்க, கேம்ப் போற எடத்துல அங்கயே விறகு வாங்கிக்கட்டும்.

இங்க வருமான்னு கேட்டீங்க. வந்தாலும் பட்டினி தான், திங்க ஆஷ் மரம் இல்ல. நம்மாளுங்க ஆஷ பாத்துருந்தா அது கிரிக்கெட் ஸ்டம்ப்பா தான் பாத்துருப்பாங்க. ஆனா நமக்குன்னு ஒரு வண்டு இருக்கு, அதோட உறவுக்கார வண்டு ஒண்ணு பாதி ஒலகத்த இப்ப ஆட்டி வைக்குது. கீழ பாருங்க.

கேள்வி: போன மாசம் எங்க மலையில தேயிலை கவ்வாத்து வெட்டுனாங்க. மிலாறு பொறுக்க போனா பாதி கொப்பு கை வச்ச ஒடனே மளுக்குன்னு ஒடியுது, உள்ள கருப்பா ஓட்டை. இந்த மிலாற வீட்டுக்கு கொண்டு வந்தா வீட்டு மரம், கதவு நெலை எல்லாம் வண்டு ஏறிருமா? மாமியார் பயப்படுறாங்க. (வாசகி, புசல்லாவை)

பதில்: மாமியார்கிட்ட சொல்லுங்க, கதவு நெலைக்கு ஒண்ணும் ஆகாது.

நீங்க பாத்தது தேயிலை துளைவண்டு. ஒடிஞ்ச கொப்ப கத்தி நுனியால நீட்டு வாக்குல பொளந்து பாருங்க, குண்டூசி தலை அளவு ஓட்டை உள்ள போய் கொப்ப சுத்தி வளையம் போட்டுருக்கும், சுவரெல்லாம் கறுத்து கெடக்கும், நல்ல வெளிச்சத்துல பாத்தா ரெண்டு மில்லிமீட்டருக்கு கொஞ்சம் கூட இருக்குற கருப்பு வண்டும் வெள்ள புழுவும் தெரியும். ஆனா அந்த புழு கட்டைய திங்கிறது இல்லங்க. தாய் வண்டு வாய்க்குள்ள ஒரு சின்ன பையில பூஞ்சணம் வித்து சுமந்துக்கிட்டு வரும், ஓட்டை போட்டு சுவருல அத வெதைக்கும், வளர்ற பூஞ்சணத்த தான் குடும்பம் சாப்பிடுது. நம்ம தேயிலைக்குள்ள அது தனியா ஒரு தோட்டம் போட்டுருக்கு, பேர் போட கணக்கப்பிள்ளை கூட இல்லாம.

பூஞ்சணத்துக்கு ஈரம் வேணும். கொப்பு காஞ்சா பூஞ்சணம் செத்துரும், சோறு இல்லாம புழுவும் சாகும். வளந்த வண்டு அதுக்கு முந்தி பறந்துரும், பறந்து போய் பச்சை மரத்த தேடுமே தவிர காஞ்ச நெலைய ஏறெடுத்தும் பாக்காது. கதவு, கட்டில்ல மாவு மாவா கொட்டுதே அது வேற வண்டு, அது காஞ்ச கட்டைய திங்கிற சாதி, அதுக்கு மிலாறு மேல பழி போடாதீங்க.

அதனால உங்க மலை மிலாற உங்க லயத்துக்கு கொண்டு வர்றதுல தப்பே இல்ல, அங்க இருக்குற வண்டு தானே, புதுசா ஒண்ணும் வந்துறாது. மெல்லிசு மிலாற மலையிலயே விட்டுட்டு வந்தா மண்ணுக்கு நல்லது, தடியா இருக்குறத பாத்து எடுங்க. சிக்கல் எங்கன்னா, பச்சையா இருக்குறப்பவே மூட்டை கட்டி வேன்ல போட்டு வண்டு இல்லாத பக்கம் சொந்தக்காரங்களுக்கு அனுப்புறது. இந்த வண்டு நடு மலைநாட்டுலயும் கீழ் நாட்டுலயும் தான் கூத்தாடும், நுவரெலியா மாதிரி குளுந்த மலையில அவ்வளவா தலை காட்டாது. ஆனா ஒரே ஒரு பொட்டை வண்டு போதும், ஏன்னா அது பொறந்த கூட்டுக்குள்ளயே கூடப்பொறந்த ஆண் வண்டோட சேந்துட்டு தான் வெளியவே வருது, ஆணுக்கு பறக்க கூட வராது. ஜோடி தேடி அலைய வேண்டிய வேலையே இல்ல. ஒரு கட்டை, ஒரு வண்டு, அவ்வளவு தான் முதலீடு.

கேள்வி: வெளிநாட்டுல இருந்து வர்ற பூச்சி தான் நம்மள கெடுக்குது, சேனா புழு மாதிரி. நம்ம பூச்சி நம்ம ஊருக்குள்ள தானே இருக்கு? (வாசகர், பதுளை)

பதில்: சேனா படைப்புழு 2018ல வந்து சோளத்த மேஞ்சது உண்மை தான் அண்ணே. ஆனா பூச்சிக்கு பாஸ்போட் ரெண்டு பக்கமும் வேலை செய்யும்.

தேயிலை துளைவண்டு கதைய கேளுங்க. 1867ல லூல்கந்துரவுல ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர்ல தேயிலை போடுறார், அடுத்த வருஷமே, 1868ல, சிலோன்ல இருந்து போன மாதிரிய வச்சு ஒரு ஜெர்மன்காரர் இந்த வண்டு கூட்டத்துக்கு அறிவியல் பேர் வச்சுட்டார். அதாவது வண்டு தேயிலைய தேடி வரல, வேற மரத்துல குடியிருந்த வண்டு வீட்டு வாசல்ல தேயிலை வந்ததும் மாறிக்கிச்சு, 1892ல நாவலப்பிட்டி பக்கம் தேயிலையில புடிச்சாங்க. நூத்தி முப்பது வருஷமா இன்னும் போகல.

இதுக்கு அச்சு அசலா இன்னொரு இனம் இருக்கு, ரொம்ப காலம் ரெண்டையும் ஒரே வண்டுன்னே நெனச்சாங்க, டிஎன்ஏ பாத்து தான் பிரிச்சாங்க. அது ஆசியாவுல இருந்து கெளம்பி கலிபோர்னியாவுல பட்டர் ஃப்ரூட் மரத்த புடிச்சுது, தென்னாப்பிரிக்கா போச்சு, 2021ல ஆஸ்திரேலியாவுல பேர்த் போச்சு. பேர்த்ல பெரிய பெரிய அத்தி மரமெல்லாம் வெட்டி சாய்ச்சாங்க, விறகு, மரத்தூள், கொப்பு எதையும் ஏரியாவ விட்டு கொண்டு போகக்கூடாதுன்னு தடை போட்டாங்க, காசு கோடிக்கணக்குல எறைச்சாங்க, கடைசியில 2025ல இனி ஒழிக்க முடியாதுன்னு கைய விரிச்சுட்டு, பரவாம பாத்துக்குவோம்னு எறங்கி வந்துட்டாங்க. அவங்களுக்கு நம்ம பக்கத்து வண்டு தான் வெளிநாட்டு வண்டு.

நம்ம ஊர்லயும் இந்த மாதிரி கோடு போட்டது உண்டு, வெலிகம தென்னை ஓலை வாடல் நோய் வந்தப்ப தென் மாகாணத்துல இருந்து தென்னங்கன்ன வெளிய கொண்டு போக தடை வந்துச்சே, ஞாபகம் இருக்கா. விறகுக்கு அப்புடி யாரும் கோடு போடல, அதனால நாமளே போட்டுக்கணும்.

கேள்வி: மருந்து அடிச்சு வண்ட ஒரேயடியா முடிச்சா என்ன? எவ்வளவு நாளைக்கு கொப்பு வெட்டிக்கிட்டே இருக்குறது? (வாசகர், ஹேவாஹெட்ட)

பதில்: அத 1950கள்லயே செஞ்சு பாத்துட்டாங்க தம்பி. டீல்ட்ரின்னு ஒரு மருந்து, துளைவண்டுக்கு அடிச்சாங்க. வண்டு கொறஞ்சுது, ஆனா தேயிலையில எலை சுருட்டி புழுன்னு ஒண்ணு இருக்கே, அது பேயா கெளம்பிருச்சு. ஏன்னா அந்த புழுவ அடக்கி வச்சுருந்தது ஒரு சின்ன குளவி, அந்த குளவிய 1935, 36ல ஜாவாவுல இருந்து கஷ்டப்பட்டு கொண்டு வந்து விட்டுருந்தாங்க, மருந்து குளவிய கொன்னுருச்சு. ஒருத்தன அடிக்க போய் காவல்காரன கொன்ன கதை. டீல்ட்ரின் இன்னைக்கு தடை.

அதுவும் இல்லாம வண்டு கட்டைக்குள்ள, மருந்து எலை மேல. எப்புடி போய் சேரும்? கனடாவுல ஆஷ் மரத்துக்கு ஊசி போடுறாங்க, அடிமரத்துல ஓட்டை போட்டு உள்ள ஏத்துறது, அந்த மருந்து எதுல இருந்து எடுக்குறாங்கன்னா நம்ம வேப்பங்கொட்டையில இருந்து. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா போடணும், அந்த செலவு ஒரு வீட்டு வாசல் மரத்துக்கு தாங்கும், ஏக்கருக்கு ஆயிரக்கணக்குல நிக்கிற தேயிலைக்கு யார் போடுவா. தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்துல தாக்குப் புடிக்கிற தேயிலை ரகம், கவ்வாத்து காலத்த மாத்துறதுன்னு தான் சொல்லுவாங்க, சலிப்பா இருந்தாலும் அது தான் வழி.

கேள்வி: இந்த வண்ட வறுத்து திங்கலாமா? ஈசல் திங்கிறோமே. (வாசகர், மஸ்கெலியா)

பதில்: ஒரு கிலோ சேக்க எத்தன தலைமுறை ஆகும்னு மொதல்ல கணக்கு போட்டு எழுதுங்க, அப்புறம் மசாலா பத்தி பேசுவோம்.

கேள்வி: எந்த மரத்து விறகு நல்லது, எப்புடி காய வைக்கணும்? எங்க வீட்டு அடுப்புல பொகை தாங்க முடியல. (வாசகி, பண்டாரவளை)

பதில்: பொகைக்கு காரணம் மரம் இல்ல அக்கா, தண்ணி. இப்ப வெட்டுன பச்சை கட்டையோட எடையில பாதி கிட்ட தண்ணியா தான் இருக்கும், உங்க நெருப்பு சோத்த வேக வைக்கிறதுக்கு முந்தி அந்த தண்ணிய கொதிக்க வச்சு வெரட்டணும்.

மரம்னு பாத்தா பழைய தேயிலைய புடுங்கி போடுறப்ப கெடைக்கிற வேர்க்கட்டைய அடிச்சுக்க ஒண்ணும் இல்ல, தணல் நின்னு பேசும். சவுக்கு நல்லது, வாட்டில் நல்லது. டர்பன்டைன் மரம் நல்லா எரியும், ஆனா அத பச்சையிலயே பொளந்துரணும், காய விட்டீங்கன்னா கோடாலி தான் ஒடியும். அல்பீசியா பஞ்சு, பத்த வைக்க மட்டும். ரப்பர் கட்டை கீழ இருந்து லொறியில ஃபேக்டரிக்கு வருது, ஒரு கிலோ தேயிலை தூளுக்கு ஒண்ணரை ரெண்டு கிலோ விறகு போகுதுன்னா பாத்துக்குங்க, அதுல நமக்கு மிச்சம் கெடைக்கிறது கஷ்டம்.

முழுக்கட்டையா அடுக்காதீங்க, பட்டை ஈரத்த வெளிய விடாது. பொளந்து, பட்டை உரியுறத உரிச்சு, தரையில படாம ரெண்டு கட்டை குறுக்க போட்டு அதுக்கு மேல அடுக்குங்க, மேல மட்டும் தகரம் மூடி பக்கத்த காத்துக்கு தொறந்து விடுங்க. நம்ம மழைக்கு ஆறு மாசம் கம்மி தான். இஸ்தோப்புல, அதான் வாசல் திண்ணையில, சுவரோட ஒட்டி அடுக்குறவங்களுக்கு கறையான் இலவசம். அன்னைக்கு தேவையானத அடுப்புக்கு மேல பரண்ல போட்டு வைங்க. வண்டுக்கும் இது தான் வைத்தியம், பொளந்து காய வச்சா கட்டைக்குள்ள பூஞ்சணம் நிக்காது. அடுப்பும் பழைய மூணு கல்லா இருந்தா மாத்தி அந்த ரெண்டு வாய் வச்ச அனகி அடுப்பு வாங்கிருங்க, மண்ணு அடுப்பு தான், விறகு மிச்சமாகுறது ரெண்டு நாள்லயே தெரியும்.

கேள்வி: ஹாட்வெயார் கடையில மரப் பலெட் சும்மா தர்றாங்க. எரிக்கலாமா? (வாசகர், ஹட்டன்)

பதில்: சீல பாத்துட்டு எரிங்க. வெளிநாட்டுல இருந்து சாமான் வந்த பலெட்ல கோதுமை கதிர் படம் போட்ட முத்திரை குத்திருப்பாங்க, பக்கத்துல ரெண்டு எழுத்து இருக்கும். எச்.டி.ன்னா சூடு காட்டுனது, 56 டிகிரியில அரை மணி நேரம், அது எரிக்கலாம். எம்.பி.ன்னா மீதைல் புரோமைட் பொகை போட்டது, அத சமையல் அடுப்புல வைக்காதீங்க. பெயின்ட் அடிச்சது, எண்ணெய் கொட்டுனது ரெண்டும் வேணாம். இந்த முத்திரையே மரத்துக்குள்ள வண்டு கப்பல் ஏறுறத நிப்பாட்ட தான் வந்துச்சு. டெட்ராயிட்டுக்கு அந்த பச்சை வண்டு போன காலத்துல இப்புடி ஒரு முத்திரை இல்ல.

கேள்வி: வீட்டுப் பின்னால இருக்குற பலா மரம் காய்க்கல, விறகுக்கு வெட்டலாமா? (வாசகர், கம்பளை)

பதில்: வெட்டுறதுக்கு பெர்மிட் வேணும், சொந்த காணியா இருந்தாலும். பலா, ஈரப்பலா எல்லாம் 1951ம் வருஷ சட்டத்துல பாதுகாப்பு மரம். கிராம சேவகர மொதல்ல பாருங்க, கோடாலிய அப்புறம். அதுவும் பலாவ போய் விறகுக்கா? காய்க்கலன்னாலும் பலகை வெலை தெரியும்ல.

கேள்வி: டித்வா புயல்ல எங்க காணியில சவுக்கு, அல்பீசியா, ரெண்டு பட்டர் ஃப்ரூட் மரம் எல்லாம் சாஞ்சுருச்சு. ஒரு யாவாரி லொறி கொண்டு வந்து மொத்தமா எடுத்துக்கிறேன், வெலிமடை பக்கம் கொண்டு போய் விக்க போறேன்னு சொல்றார். நல்ல வெலை. பட்டர் ஃப்ரூட் மரத்துல மட்டும் அங்கங்க வெள்ளையா மாவு மாதிரி ஒட்டிருக்கு, அது என்ன? குடுக்கலாமா? (வாசகர், நாவலப்பிட்டி)

பதில்: அந்த வெள்ளை மாவ நகத்தால சுரண்டி பாருங்க. கீழ குண்டூசி ஓட்டை இருந்தா அது துளைவண்டு, பட்டர் ஃப்ரூட் மரம் ஓட்டை போட்ட எடத்துல சீனி மாதிரி சாறு கசிஞ்சு வெள்ளையா காயும். நாவலப்பிட்டின்னு எழுதிருக்கீங்க, அங்க இருந்து வர்ற கடிதத்துல இந்த வண்டு இல்லாட்டி தான் ஆச்சரியம்.

அந்த ரெண்டு மரத்த லொறியில ஏத்தாதீங்க. வெலிமடை பக்கம் ஆளுங்க பட்டர் ஃப்ரூட், பேர்ஸ்னு வச்சுருக்காங்க, பச்சை கட்டைய அங்க ஒரு கடை வாசல்ல குமிச்சு வச்சா வண்டு விடியிறதுக்குள்ள குடி போயிரும். நீங்களே வச்சுக்குங்க, அடிமரத்த பொளந்து வெயில்ல போடுங்க, கொப்ப ஒரு அங்குலத்துக்கு மேல போகாம சின்ன சின்னதா வெட்டுங்க, அவ்வளவு சின்னதுல வண்டு தப்புறது கஷ்டம். அவசரமா இருந்தா வெட்டுனத குவிச்சு மேல கண்ணாடி மாதிரி தெரியுற பொலித்தீன் போட்டு ஓரத்த மண்ணால மூடுங்க, நல்ல வெயில் காலமா இருந்தா உள்ள வேகும். மழையில பிரயோசனம் இல்ல.

சவுக்கையும் அல்பீசியாவையும் பட்டைய நல்லா பாருங்க, அல்பீசியாவுலயும் இந்த வண்டு குடியிருக்கும். ஓட்டை இருக்குறத உங்க ஊர் பக்கத்துலயே ஏதாவது ஃபேக்டரிக்கு குடுத்தா அடுத்த வாரமே அடுப்புக்குள்ள போயிரும், பிரச்சன இல்ல. ஓட்டை இல்லாதத யாவாரிக்கு குடுங்க, லொறியில மரம் கொண்டு போக பெர்மிட் எடுத்துருக்காரான்னு கேட்டுட்டு குடுங்க, ரோட்டுல புடிச்சா யார் காணி மரம்னு உங்க பேர் தான் மொதல்ல வரும். அப்புறம் ஒண்ணு, நல்ல வெலைன்னு எழுதுனீங்களே தவிர எவ்வளவுன்னு எழுதல. புயலுக்கு பொறகு எல்லா யாவாரியும் நல்ல வெலைன்னு தான் சொல்றாங்க, இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டு கை குடுங்க.